கழிவின் செலவை யார் தலையில் கட்டுவது? – சிறுதொழிலும் சுற்றுச்சூழலும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களின் தமிழ்க் கிளைத் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சீனாவின் சிறு உற்பத்தியாளர்கள் சுற்றுச்சூழல் பாதுகாப்பை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பதே இன்றைய வகுப்புக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். களியக்காவிளைக்கு இப்பால் இருக்கும் நமக்கும் சீனத்துச் சாயப்பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று சில தோழர்கள் எண்ணக்கூடும். தொடர்பு நெருக்கமானது. கடன் வாங்கி ஒரு பட்டறை போட்டவர் ஒருவர். அவரிடம் கூலிக்கு நிற்பவர்கள் பத்துப் பேர். பட்டறைக் கழிவு போய்ச் சேரும் ஓடை ஒன்று. அந்த ஓடையை நம்பிப் பயிரிடும் விவசாயி ஒருவர். சீனத்திலும் திருப்பூரிலும் இதுவே காட்சி. பட்டறையை மூடினால் தொழிலாளியின் அடுப்பு அணைகிறது. மூடாவிட்டால் விவசாயியின் கிணறு கெடுகிறது. தொழிலாளர் சங்கத்தையும் விவசாயிகள் சங்கத்தையும் ஒரே கொடியின் கீழ் நடத்துகின்ற நாம் அப்போது எந்தப் பக்கம் நிற்பது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய வகுப்பின் நோக்கம்.

"மாசுபடுத்தியவர்" யார்?

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். "மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும்" என்பது இன்று நம் நாட்டில் சட்டக் கோட்பாடு. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இக்கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. பாலாற்றங்கரை மக்கள் தொடுத்த வழக்கு அது. அத்தீர்ப்பின் முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆயினும் அத்தொடரில் எழுவாயாக நிற்கும் "மாசுபடுத்தியவர்" யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. குழாயைத் திறந்துவிட்ட தொழிலாளியா? பட்டறை முதலாளியா? அவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசித் துணியைக் கொடுத்த ஏற்றுமதியாளரா? அந்த ஏற்றுமதியாளரிடம் சட்டையின் விலையைச் சென்ட் கணக்கில் அடித்துப் பேசிய ஐரோப்பிய வணிக நிறுவனமா? சட்டம் பெரும்பாலும் குழாயின் வாயில் நிற்பவரையே பிடிக்கிறது. குழாயின் மறுமுனையில் இருப்பவர் அதன் கைக்கு எட்டுவதில்லை. இன்று நாம் பார்க்கப்போகும் எல்லா நிகழ்வுகளிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது.

திருப்பூரும் நொய்யலும்

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டப்பட்டது. அதே காலத்தில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. சில ஆண்டுகளிலேயே பாசன அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. தண்ணீர் கேட்டுப் போராடிய விவசாயிகள், அணையைத் திறந்து அந்தத் தண்ணீரை எங்கள் நிலத்தில் விடாதீர்கள் என்று போராட வேண்டியதாயிற்று.

இதன் தொழில்நுட்பத்தை நம் தோழர்கள் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் ஏராளமான உப்பைக் கலக்க வேண்டும். உப்பு சாயத்தை நூலை நோக்கித் தள்ளுகிறது. ஆனால் உப்பு துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு முழுவதும் அலசு நீரோடு வெளியேறுகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வழக்கமான முறையில் கரிமக் கழிவு குறையும். சாயத்தின் நிறமும் ஓரளவு நீங்கும். நீரில் கரைந்த உப்பு போகாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீர் நிலத்துக்கு நஞ்சாக இருந்ததன் காரணம் இதுவே. உப்பைப் பிரிக்க வேண்டுமானால் எதிர்ச் சவ்வூடுபரவல் கருவி வேண்டும். அதிலிருந்து எஞ்சும் அடர்நீரைக் காய்ச்சி ஆவியாக்கும் கொப்பரைகள் வேண்டும். அவற்றுக்கு இடையறாத எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். நான்கு சாயத்தொட்டி வைத்திருக்கும் பட்டறையால் தனியாக இதைச் செய்ய இயலாது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எய்தக் காலக்கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி உயரும் தண்டத்தையும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காலக்கெடு கடந்தும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒட்டுமொத்தமாக மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அடுத்து நிகழ்ந்தவற்றை நாம் வர்க்கக் கண்கொண்டு காண வேண்டும். ஏற்றுமதியாளர் தம் துணியைப் பிற மாவட்டங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயமேற்றிக்கொண்டார். அனுமதியற்ற பட்டறைகள் வேறு ஆறுகளின் கரைகளில் முளைத்தன. வெளிநாட்டு வணிக நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய சரக்கின் தேதிதான் தவறியது. சாயத்தொழிலாளியோ வேலையும் கூலியும் இழந்து தென் மாவட்டங்களில் உள்ள தன் ஊருக்குப் பேருந்து ஏறினார். நீதிமன்றத்தின் ஆணையில் ஆற்றுக்கு இடம் இருந்தது. தொழிலாளியின் மூடல்காலக் கூலிக்கு இடம் இல்லை.

பட்டறைகள் மீண்டும் படிப்படியாகத் திறந்தது எவ்வாறு? தனியார் முயற்சி தனித்து நின்று அதைச் சாதிக்கவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. உப்புநீரை மீட்டு மறுபடியும் சாயத்தொட்டிக்கே பயன்படுத்தும் முறை அருள்புரம் நிலையத்தில் செய்து பார்க்கப்பட்டுப் பிற நிலையங்களுக்குப் பரவியது. நீரின் பெரும்பகுதியும் உப்பின் ஒரு பகுதியும் இன்று மீட்கப்படுகின்றன. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் நகரம் இன்று உலகச் சந்தையில் தன்னைத் "தூய்மையான சாயமேற்றும் நகரம்" என்று காட்டிக்கொள்ள முடிவது இதனால்தான். மீட்க முடியாத கலப்பு உப்பும் கழிவுச்சேறும் மூட்டைகளாக நிலையங்களில் குவிந்து கிடக்கின்றன. ஆவியாக்கும் கொப்பரையின் அடியில் எரியும் விறகும் நிலக்கரியும் காற்றுக்குப் போகின்றன. நீரில் இருந்த சிக்கல் ஒரு பகுதி தீர்ந்தது. இன்னொரு பகுதி நிலத்துக்கும் காற்றுக்கும் இடம் மாறியது.

மார்க்ஸ் "மூலதனம்" மூன்றாம் தொகுதியில் உற்பத்திக் கழிவுகளை மீண்டும் பயன்படுத்துவது பற்றித் தனியே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். கழிவு பெரும் அளவில் ஓரிடத்தில் சேர்வதும், இயந்திரமும் வேதியியலும் முன்னேறுவதும் அதற்கு முன்நிபந்தனைகள் என்பது அவருடைய கருத்து. அருள்புரத்தில் நடந்தது இதுவே. சிறு பட்டறையின் கழிவு தனித்தனியே கிடக்கும்வரை அது நஞ்சு. கூட்டாகச் சேர்ந்தபோதுதான் அது மூலப்பொருளாயிற்று.

சீனத்தின் அனுபவம்

இந்தப் பின்னணியோடு சீனத்தைப் பார்ப்போம். 1980-களிலும் 1990-களிலும் அங்கே கிராம, நகரியத் தொழிலகங்கள் பல்கிப் பெருகின. காகிதம், தோல், சாயம், மின்முலாம் ஆகிய தொழில்கள் கிராமத்துக்கு வேலையைக் கொண்டுவந்தன; ஆற்றுக்கு நஞ்சைக் கொண்டுவந்தன. 1994 கோடையில் ஹுவாய் ஆற்றில் கழிவுநீர் பெருந்திரளாக இறங்கி, கரையோர மக்கள் குடிநீரின்றித் தவித்தனர். 1996-இல் சீன அரசு பதினைந்து வகைச் சிறு தொழிலகங்களை மூட ஆணையிட்டது. ஹுவாய்ப் படுகையில் ஆண்டுக்கு 5,000 டன்னுக்குக் குறைவாகக் காகிதக்கூழ் தயாரித்த ஆலைகள் மூடப்பட்டன. நாடெங்கும் பல பத்தாயிரம் அலகுகள் நின்றன. அவற்றுள் பல, சோதனை அதிகாரி திரும்பிப்போனதும் மறுபடி ஓடின. உள்ளூர் நிர்வாகத்துக்கு வரி வருவாயும் வேலைவாய்ப்பும் அவற்றிலிருந்தே கிடைத்ததால், அதுவே கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டாவது கட்டம் 2015 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தோடு தொடங்குகிறது. விதிமீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் ஏறிக்கொண்டே போகும் என்றது அச்சட்டம். அடுத்து மத்திய அரசின் ஆய்வுக் குழுக்கள் மாகாணங்களுக்கு நேரடியாக இறங்கின. "சிதறிக் கிடப்பவை, ஒழுங்கற்றவை, மாசுபடுத்துபவை" என்று ஒரு வகையை வரையறுத்தார்கள். 2017-இல் பெய்ஜிங், தியான்ஜின், ஹெபெய் சுற்றுவட்டாரத்தில் மட்டும் இவ்வகையில் 62,000 அலகுகள் கண்டறியப்பட்டதாக அரசே அறிவித்தது. அவற்றில் சிலவற்றை மூடினார்கள், சிலவற்றைத் தொழிற்பூங்காக்களுக்கு மாற்றினார்கள், சிலவற்றைத் திருத்தினார்கள். 2018 ஜனவரி 1 முதல் சுற்றுச்சூழல் வரி வந்தது. கழிவின் அடர்த்தி விதித்த அளவைவிட 30 விழுக்காடு குறைந்தால் வரியில் 25 விழுக்காடும், 50 விழுக்காடு குறைந்தால் வரியில் பாதியும் தள்ளுபடி. அடிப்பது ஒரு கை, அணைப்பது ஒரு கை என்ற முறையில் அமைந்த சட்டம் அது.

சீனச் சிறு உற்பத்தியாளர் இதை எவ்வாறு எதிர்கொண்டார்? மூன்று வகையாகச் சொல்லலாம். ஒரு சாரார் தப்பித்தனர்: இரவில் ஓட்டினர் அல்லது கண்காணிப்புக் குறைந்த உள்மாகாணங்களுக்குப் பெயர்ந்தனர். ஒரு சாரார் பணிந்தனர்: தொழிற்பூங்காவில் இடம் வாங்கிப் பொதுச் சுத்திகரிப்புக்குக் கட்டணம் செலுத்தினர். கைக்காசு இல்லாதவர் அங்கே போக இயலாமல் தொழிலை விட்டு ஒழிந்தார். மூன்றாவது சாரார் சிறிய எண்ணிக்கையினர்: நீரையும் சாயத்தையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தினால் காசும் மிஞ்சும் என்று கண்டு உற்பத்தி முறையையே மாற்றினர். தாமாக மனம் உவந்து மாறியவர் எங்கும் குறைவு. சட்டம், வாங்குபவரின் நெருக்குதல், அண்டை வீட்டாரின் புகார் ஆகியவையே பெரும்பாலோரை நகர்த்தின.

ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். 2017 செப்டம்பரில் ஜெர்மானிய பேரிங் நிறுவனமான ஷெஃப்லர், ஷாங்காய் நகர நிர்வாகத்துக்கு ஓர் அவசரக் கடிதம் எழுதியது. தமக்கு உருளை ஊசிக்கான கம்பியை இழுத்துத் தரும் ஒரு சிறு ஆலையைச் சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்று மூடிவிட்டீர்கள். கார்த் தொழிலே நின்றுபோகும். மூன்று மாத அவகாசம் தாருங்கள் என்பது அதன் சாரம். உலகப் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் சுத்தமான உற்பத்திச் சங்கிலி, அனுமதி பெறாத ஒரு சிறு ஆலையின் மேல் நின்றுகொண்டிருந்த உண்மை அக்கடிதத்தால் வெளிப்பட்டது. பெரிய நிறுவனம் அழுக்கைத் தன் மதிலுக்கு வெளியே, சிறியவரின் முற்றத்தில் வைத்திருக்கிறது. "மாசுபடுத்தியவர் யார்" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

சீனா செய்தது அனைத்தும் முன்மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. 2017 குளிர்காலத்தில் நிலக்கரி அடுப்புகளை அவசரமாக அகற்றியதில், எரிவாயு வந்து சேராத ஊர்களில் மக்கள் குளிரில் வாடினர். டிசம்பரில் அரசு நிலக்கரிக்கு மீண்டும் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. விதியைக் கடைப்பிடித்த பட்டறையையும் மீறிய பட்டறையையும் ஒரே வெட்டாக வெட்டக் கூடாது என்று 2018 மே மாதத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகமே உள்ளூர் நிர்வாகங்களுக்கு அறிவுறுத்தியது. அங்கிருந்து நாம் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். அரசு உறுதியாக நின்றால் ஆறும் காற்றும் மீளும் என்பது ஒன்று. மாற்று ஏற்பாடு இல்லாமல் உறுதி மட்டும் காட்டினால் எளியவர் அடிபடுவார் என்பது மற்றொன்று.

சுத்திகரிப்பிலும் சாவது தொழிலாளி

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டி உடைந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்க எழுந்த நிலையமே தொழிலாளியைக் கொன்றது. சுற்றுச்சூழல் பாதுகாப்பும் தொழிலாளர் பாதுகாப்பும் வெவ்வேறு கோப்புகளில் கிடக்கும்வரை இத்தகைய சாவுகள் நிற்கா. வேலூர் வழக்கில் 1996-இல் தீர்ப்பு வந்தது. அந்த மாவட்டத்தின் மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் விரிவான ஆணைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். தீர்ப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

நம் ஊருக்கு வருவோம்

இப்பகுதியின் சிறுதொழில் என்றவுடன் பாலராமபுரம் நினைவுக்கு வரும். பாலராம வர்மா மன்னர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலிய நெசவாளர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். சாலியர் தெரு இன்றும் இருக்கிறது. குழித்தறி, கையால் எறியும் நாடா, தெருவில் நீட்டிக் கட்டிய பாவு, அரிசிக்கஞ்சிப் பசை, மேலே தடவும் தேங்காயெண்ணெய் – இந்த நெசவு முறையில் நஞ்சு என்று சொல்லத்தக்க கழிவு எதுவும் இல்லை. தறிக்கு மின்சாரமும் வேண்டாம். வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் "பேண்தகு உற்பத்தி" என்று எதைத் தேடுகிறார்களோ, அது இங்கே இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது.

அப்படியானால் அந்த நெசவாளி செழித்திருக்க வேண்டுமே? அவர் பிள்ளைகள் ஏன் தறிக்குழியில் இறங்க மறுக்கிறார்கள்? விசைத்தறியில் நெய்த துணி, பாலராமபுரத்தின் பெயரைப் பூசிக்கொண்டு பாதி விலைக்குச் சந்தைக்கு வருகிறது. புவிசார் குறியீடு இருக்கிறது; 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. இரண்டையும் மீறிப் போலி விற்கிறது. மாசுபடுத்தும் உற்பத்தி தன் செலவை ஆற்றின் மேல் ஏற்றிவிட்டு மலிவாக விற்கிறது. மாசுபடுத்தாத உற்பத்தி அந்த மலிவு விலையோடு போட்டியிட வேண்டியிருப்பதால், தூய்மைக்கான விலையை நெசவாளி தன் கூலியிலிருந்து கொடுக்கிறார். ஆறும் நெசவாளியும் ஒரே கணக்கில் சுரண்டப்படுகிறார்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை வழங்கும் கேரள அரசின் திட்டம் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. அரசே வாங்குபவராக நிற்கும்போது, சந்தை தர மறுக்கும் விலையைத் தூய்மையான உற்பத்திக்குத் தர முடிகிறது. அந்தக் கூலி உரிய காலத்தில் நெசவாளியின் கைக்குச் சேர வேண்டும் என்று வற்புறுத்துவது நம் பொறுப்பு.

எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று கோடு போட்டார்கள். கழிவுக்கு அந்தக் கோடு தப்பும் வழியாகிவிட்டது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தின் கிராமங்களில் கொட்டப்பட்டிருந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையின்பேரில் கேரள அதிகாரிகள் வந்து அதை லாரிகளில் ஏற்றித் திருப்பி எடுத்துச் சென்றனர். மருத்துவமனை ஒப்பந்ததாரரிடம் கொடுத்தது. ஒப்பந்ததாரர் அடுத்தவரிடம் கொடுத்தார். கடைசியில் அது ஏழை ஊரின் நிலத்தில் விழுந்தது. திருப்பூரில் பார்த்த அதே சங்கிலி இது. இதைத் தமிழர், மலையாளி என்ற பகையாகத் திருப்ப முயல்வோர் இருபுறமும் உண்டு. இருமொழி பேசும் ஊர்களில் வாழும் நாம் அதற்கு இடம்கொடுக்கலாகாது. சங்கிலியின் தலைப்பில் இருப்பவரைக் கைகாட்டுவதே நம் வேலை.

நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

முதலாவது, பொறுப்பு மேல்நோக்கிப் போக வேண்டும். கூலிக்குச் சாயமேற்றித் தருபவரோடு, வேலை கொடுத்த ஏற்றுமதியாளரும் வணிக நிறுவனமும் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் கூலிக்கு முதன்மை முதலாளி பொறுப்பு என்று நாம் போராடிப் பெற்ற கோட்பாட்டைக் கழிவுக்கும் விரிக்க வேண்டும்.

இரண்டாவது, பொதுச் சுத்திகரிப்பு பொதுமுதலீட்டிலும் கூட்டுறவிலும் அமைய வேண்டும். தனியே செய் என்று சிறு உற்பத்தியாளரிடம் சொல்வது, திருட்டுத்தனமாகச் செய் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, மாசின் பேரில் ஓர் ஆலை மூடப்பட்டால் தொழிலாளியின் கூலி தொடர வேண்டும். இதற்கு முன்மாதிரி உண்டு. தில்லியின் 168 தொழிற்சாலைகளை நகரைவிட்டு அகற்ற 1996 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, இடம்பெயரும் காலத்துக்கும் தொழிலாளருக்கு ஊதியம் உண்டு என்றது. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு அது எட்டவில்லை. ஆகவே ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் பதிவேட்டில் ஏறுவது சுற்றுச்சூழல் கோரிக்கையும் ஆகும்.

நான்காவது, சுத்திகரிப்பு நிலையங்களிலும் கழிவு அள்ளும் பணியிலும் உள்ளவர்களைச் சங்கத்தில் திரட்ட வேண்டும்.

ஐந்தாவது, நம் கிளைகள் செய்யத்தக்க பணி. உங்கள் ஊராட்சியில் உள்ள பட்டறை, சூளை, கல்குவாரி எத்தனை, அங்கே வேலை செய்பவர் எத்தனை பேர், அவற்றைச் சுற்றியுள்ள கிணறுகளின் நிலை என்ன என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதைத் தொழிலாளர் சங்கத் தோழரும் விவசாயிகள் சங்கத் தோழரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். ஒருவர் வேலையையும் மற்றவர் கிணற்றையும் எண்ணினால் இருவரும் எதிரெதிர் மேடைகளில் நிற்க நேரிடும். நொய்யல் கரையில் அதற்கு நாம் கொடுத்த விலை போதும். கிராமசபையில் அப்பட்டியலை இருவரும் சேர்ந்து முன்வைக்கும்போது, "வேலையா, தண்ணீரா" என்று கேட்பவரிடம், "இரண்டும் எங்களுக்கு வேண்டும், செலவை லாபத்திலிருந்து எடு" என்று ஒரே குரலில் சொல்ல முடியும்.

அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்குள் அந்தப் பட்டியல் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.